மட்டக்களப்பு வீதிகளுக்காக மொரிஸ் மைனர் எஞ்சினைப் புதிதாகக் கட்டும் முறை

கல்லடிப் பாலத்தைக் கடந்து காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு வழியாகக் கல்முனைக்குச் செல்லும் ஏ4 வீதியில் மொரிஸ் மைனர் ஓட்டுபவருக்கு, எஞ்சினின் உச்சச் சுழற்சியை எட்டிப் பார்க்கும் வாய்ப்பு ஓர் இடத்திலேனும் கிடைப்பதில்லை. அவருக்கு வேண்டியது வேறு. நெல் மூட்டை ஏற்றிய லேண்ட் மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) ஒன்றின் பின்னால் மூன்றாம் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எதிர்த் திசை சற்று வெறுமையாகத் தெரிந்தால், கியரை இறக்காமல் முந்திச் செல்லும் இழுவை வேண்டும். அதாவது நிமிடத்திற்கு 2000 முதல் 4000 சுற்று வரையிலான பகுதியில் எஞ்சின் வலுவாக இருக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பகுதியை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளது. 6500 சுற்றில் என்ன கிடைக்கும் என்று கேட்பவருக்கு இதில் விடை இல்லை.

இங்கு எடுத்துக்கொள்வது 1962 முதல் மைனரில் பொருத்தப்பட்ட 1098 சீசீ ஏ-சீரிஸ் எஞ்சின். இதன் சிலிண்டர் விட்டம் 64.58 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் 83.72 மில்லிமீற்றர். தொழிற்சாலை சொன்ன வலு 5100 சுற்றில் 48 குதிரைவலு. முறுக்குவிசை 2500 சுற்றில் 60 இறாத்தல்-அடி. எஞ்சின் இலக்கம் 10எம்ஏ என்று தொடங்கினால் உங்களிடம் இருப்பது இதுவே. 9எம் என்று தொடங்கினால் அது 1956 இல் வந்த 948 சீசீ. அதன் அளவுகள் வேறாயினும் வேலை முறை பெரும்பாலும் ஒன்றே. எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. இதே 1098 சீசீ கொள்ளளவில், இரட்டைக் காபரேட்டரும் 8.9 அமுக்க விகிதமும் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற அளவு) கொண்ட எம்ஜி 1100 கார் 55 குதிரைவலு தந்தது. கவனமாகக் கட்டினால் அதை எட்டலாம், சிறிது தாண்டவும் செய்யலாம். அதற்கு மேல் துரத்தினால், பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் சாஃப்ட் தடுக்கும். நீண்ட ஓட்டமுடைய இந்தக் கிராங்க் மூன்றே மெயின் பெயாரிங்குகளில் சுழல்கிறது. அவற்றின் விட்டம் 1.75 அங்குலம் மாத்திரமே. இதே கொள்ளளவில் எம்ஜி மிட்ஜெட் காருக்கு 1964 இல் அந்த விட்டத்தை 2 அங்குலமாக்கினார்கள் என்பதிலிருந்தே இதன் பலவீனம் விளங்கும்.

சிலிண்டர்கள் அமைந்த எஞ்சினின் உடலாகிய புளொக்கை மாற்றிவிடலாம் என்ற எண்ணம் வந்தால், வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் எழுதப்பட்டிருப்பதை நினைவிற் கொள்ளவும். இருக்கும் புளொக்கைப் பாதுகாத்து வேலை செய்வதே பழைய காருக்கு மதிப்பும் உரிமையாளருக்கு நிம்மதியும் தரும்.

எஞ்சினைக் கழற்றுமுன் அதன் நிலையை எழுதி வைக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்குகளையும் கழற்றி, அக்சிலறேற்றரை முழுவதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரினதும் கொம்ப்ரஷனை அளக்கவும். ஒன்றில் குறைவாக இருந்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கவும். அளவு ஏறினால் பழுது பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ இருக்கிறது. மைனரில் ஒயில் அமுக்கத்துக்கு எச்சரிக்கை விளக்கு மாத்திரமே உண்டு. ஆகவே ஒரு மானியை வாங்கிப் பொருத்தவும். சூடான எஞ்சின் ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல், வெறும் ஓட்டத்தில் 15 இறாத்தல் காட்ட வேண்டும்.

எஞ்சினை மாமரக் கிளையில் கயிறு கட்டித் தூக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. இரும்பு உத்தரம் ஒன்றில் தொங்கவிட்டுப் பாரம் தூக்கும் செயின் புளொக்கை வாடகைக்கு எடுப்பது, முறிந்த காலுக்குச் செலவழிப்பதை விட மலிவு. கழற்றும்போது பிஸ்டன், கொனெக்டிங் ரொட், பெயாரிங் மூடி, புஷ் ரொட் ஆகியவற்றை அவற்றின் சிலிண்டர் எண்ணுடன் தனித்தனியே வைக்கவும். மூடிகள் ஒன்றுக்கொன்று மாற்றக்கூடியவை அல்ல.

அடுத்து அளவெடுத்தல். சிலிண்டரின் மேல் விளிம்பில் விரல் நகத்தில் தட்டுப்படும் படி ஒன்று உருவாகியிருந்தால் தேய்மானம் கூடிவிட்டது என்று அறியலாம். ஆனால் விரலை நம்பி முடிவெடுக்கக் கூடாது. மேல், நடு, கீழ் ஆகிய மூன்று உயரங்களில், எஞ்சினின் நீளவாட்டிலும் குறுக்காகவும் உள்விட்ட மானியால் அளந்து ஆறு எண்களையும் எழுதவும். கிராங்கின் ஒவ்வொரு கழுத்தையும் மைக்ரோமீற்றரால் அவ்வாறே அளக்கவும். கிராங்கை 0.010, 0.020, 0.030, 0.040 அங்குலம் எனப் படிப்படியாகக் குறைத்து அரைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அண்டர்சைஸ் பெயாரிங் உண்டு. எதைச் செய்யுமுன்னும் கிராங்கில் வெடிப்பு உள்ளதா என்று காந்தப் பொடி முறையில் பார்த்துக்கொள்வது நல்லது. வெடித்த கிராங்கை அரைக்கக் கொடுத்த பணம் திரும்பி வராது.

ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் கையில் வாங்கிவிட்டு, அதன் பின்னரே புளொக்கைப் போர் அடிக்க (சிலிண்டர் துளையைக் குடைந்து பெரிதாக்க) கொடுக்க வேண்டும். லேத் காரர் பிஸ்டனை அளந்து அதற்குரிய இடைவெளியை விட்டே துளையை முடிக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட எண்ணை வைத்து முடிக்கக் கூடாது. 0.030 அங்குலம் பெரிதாக்கினால் விட்டம் 65.34 மில்லிமீற்றராகி, கொள்ளளவு ஏறத்தாழ 1123 சீசீ ஆகும். இதனால் வலு கூடும் என்று மகிழ வேண்டியதில்லை. தேய்மானத்தைப் போக்கப் போதிய மிகச் சிறிய அளவையே தெரிவு செய்யுங்கள். அடுத்த முறைக்கும் புளொக்கில் இரும்பு மிஞ்சியிருக்க வேண்டும். கொனெக்டிங் ரொட்டுகளையும் பிஸ்டன்களையும் எடை போட்டுச் சமப்படுத்துவதற்கும், கிராங்க், பிளைவீல், கிளச் மூடி மூன்றையும் ஒன்றாகப் பூட்டிச் சமநிலை பார்ப்பதற்கும் செலவழிக்கும் பணம் வீண் போகாது. காட்சிக்கு ஒன்றும் தெரியாத வேலை இது. ஆனால் 4000 சுற்றில் ஸ்டியரிங் சக்கரத்தில் கை வைத்தவருக்குத் தெரியும்.

புளொக் லேத்திலிருந்து வந்ததும் செய்ய வேண்டிய வேலையை நான் ஒரு முறை தவறவிட்டேன். ஒயில் செல்லும் துளைகளின் முனைகளில் அடித்திருக்கும் பித்தளை அடைப்புகளைக் கழற்றாமல், வெளிப்புறத்தை மாத்திரம் மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றடித்துப் பூட்டினேன். போர் அடித்த இரும்புத் தூள் உள்ளேயே இருந்தது. புதிய பெயாரிங்குகள் ஐந்நூறு கிலோமீற்றர் கூடத் தாங்கவில்லை. கழற்றிப் பார்த்தபோது உழுத வயல் போலக் கோடுகள் விழுந்திருந்தன. அடைப்புகளைத் துளைத்து எடுத்து, நீண்ட தூரிகையைச் சவர்க்கார நீரில் தோய்த்து ஒவ்வொரு துளையையும் கழுவி, வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வரும் வரை துடைத்த பின்னரே புதிய அடைப்புகளைப் போட வேண்டும். கிராங்கின் உள் துளைகளுக்கும் இதே கவனம் தேவை. கழுவியவுடன் சிலிண்டர்களுக்கு ஒயில் பூசவும். வாவியும் கடலும் இரு பக்கமும் சூழ்ந்த ஊரில், புதிதாக வெட்டிய இரும்பு ஒரே இரவில் செந்நிறமாகிவிடும். கச்சான் காற்று வீசும் நாட்களில் திறந்த கொட்டிலில் எஞ்சினைப் பூட்டவும் வேண்டாம். மணல் எல்லாவற்றிலும் படியும்.

இனி, புளொக்கின் மேல் மூடியாக அமர்ந்து வால்வுகளைத் தாங்கும் ஹெட். இந்த எஞ்சினில் வலு ஒளிந்திருக்கும் இடம் இதுதான். ஆகவே பணத்திலும் நேரத்திலும் பெரும் பங்கை இங்கே செலவிட வேண்டும் என்பது என் துணிபு. ஹரி வெஸ்லேக் வடிவமைத்த இந்த ஹெட்டில் இதய வடிவ எரி அறைகள் நான்கு உள்ளன. ஆனால் வாயில்கள் ஐந்தே. கலவை நுழைய இரண்டு சிலிண்டருக்கு ஒன்றாக இரு உள் வாயில்கள், புகை வெளியேற மூன்று வெளி வாயில்கள், அவற்றுள் நடு வாயிலை இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் பகிர்ந்துகொள்கின்றன. இப்படி நெருக்கியடித்து மூச்சு விடும் எஞ்சினுக்குக் காற்று வழியைச் சீராக்குவதே முதல் மருந்து. வால்வின் தொண்டைப் பகுதியில், ஆசனத்துக்குச் சற்றுக் கீழே உள்ள வார்ப்பு விளிம்பை மழித்து, வழிகாட்டிக் குழாயைச் சுற்றியுள்ள தடிப்பை மெலிதாக்கினால் கிடைக்கும் பயன், வாயில் முழுவதையும் கண்ணாடி போல் மெருகேற்றுவதால் கிடைக்காது. உள் வாயிலின் சுவர் சற்றுச் சொரசொரப்பாக இருப்பதே நல்லது. பெற்றோல் துளிகள் சுவரில் வழியாமல் காற்றோடு கலந்து செல்ல அது உதவும். வால்வ் ஆசனங்களை மூன்று கோணங்களில் வெட்டுவிக்கவும்.

ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002 இல் நிறுத்தப்பட்டது. அந்த ஈயமே பழைய வார்ப்பிரும்பு ஆசனங்களுக்குக் காப்பாக இருந்தது. அது இல்லாமல் அதிக வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால் வெளி வால்வுகள் மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் புதையும். வால்வ் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே போவது இதன் அடையாளம். எப்படியும் ஹெட் லேத்துக்குப் போகிறது; ஆகவே வெளி வால்வுகளுக்குக் கடினமாக்கிய ஆசன வளையங்களை அப்போதே பதித்துவிட வேண்டும்.

பெரிய வால்வுள்ள வேறு ஹெட் போடலாமா என்று கேட்பவர்கள், ரொக்கர் மூடியைத் திறந்து வார்ப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். 12ஜி295 என்ற எண்ணுள்ள ஹெட் கிடைத்தால் இந்த எஞ்சினுக்கு மிகப் பொருத்தம். 1275 சீசீ எஞ்சினின் 12ஜி940 ஹெட்டில் வெளி வால்வ் இந்தப் புளொக்கின் மேற்பரப்பில் மோதும். அதைப் போட விரும்பினால் புளொக்கில் குழி வெட்ட வேண்டும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அமுக்க விகிதத்தை ஊகிக்காமல் அளக்க வேண்டும். 0.030 பெரிதாக்கிய சிலிண்டர் ஒன்றின் கொள்ளளவு 280.7 சீசீ. 9க்கு 1 என்ற விகிதம் வேண்டுமானால் அதை 8 ஆல் வகுக்கவும். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சியிருக்க வேண்டிய மொத்த இடம் 35.1 சீசீ என்று வரும். இதில் எரி அறை, கேஸ்கட்டின் தடிப்பு, பிஸ்டன் தலையிலுள்ள பள்ளம், பிஸ்டன் புளொக்கின் விளிம்புக்குக் கீழே நிற்கும் இடைவெளி ஆகிய நான்கும் அடங்கும். பின்னைய மூன்றையும் அளந்து கழித்தால் எரி அறைக்கு எவ்வளவு என்பது தெரியும். ஹெட்டைத் தலைகீழாக வைத்து, நீர்மட்டம் பார்த்துச் சமப்படுத்தி, வால்வுகளையும் பிளக்கையும் பூட்டியபின், மருந்துக் கடையில் வாங்கிய 50 சீசீ ஊசிக் குழாயால் வேண்டிய அளவு மண்ணெண்ணெயை அறைக்குள் விடவும். திரவம் விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறதோ அவ்வளவையே லேத்தில் சீவ வேண்டும். நான்கு அறைகளும் சமமாக இல்லாவிட்டால் சிறிய அறையைச் சற்றுக் குடைந்து மற்றவற்றோடு ஒத்துப்போகச் செய்யவும்.

9 ஏன்? நமது நிரப்பு நிலையங்களில் எங்கும் கிடைப்பது 92 ஒக்டேன். 95 எல்லா இடத்திலும் இல்லை. சித்திரை வெயிலில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, 92 ஒக்டேனில் நொக் அடிக்காமல் (கலவை தானாக வெடித்துத் தட்டாமல்) ஓடும் விகிதம் அதுவே. 9.5 வைத்துவிட்டுப் பின்னர் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி ஓட்டுபவர், ஒரு கையால் வாங்கியதை மறு கையால் கொடுத்துவிடுகிறார்.

வால்வுகளைத் திறந்து மூடும் கம் சாஃப்டைப் பொறுத்தவரை அடக்கம் நல்லது. தொழிற்சாலைக் கம் உள் வால்வை 230 பாகை அளவுக்குத் திறந்து வைத்திருக்கிறது. 250 முதல் 265 பாகை வரையிலான மென்மையான கம் தெருவுக்குப் போதும். அதற்கு மேல் போனால் வெறும் ஓட்டத்தில் எஞ்சின் தள்ளாடும். நமக்கு வேண்டிய 2000 சுற்றுப் பகுதியில் இழுவை குறையும். வாங்குமுன் ஒயில் பம்பை இயக்கும் முனை உங்கள் பம்புடன் பொருந்துகிறதா என்று பார்க்கவும். ஏ-சீரிஸில் அது பல வகைப்படும். புதிய கம்முக்கு, அதன்மேல் அமர்ந்து புஷ் ரொட்டைத் தள்ளும் பழைய டப்பெற்றுகளைப் போடுவது இரண்டையும் கெடுக்கும் வழி. ஒற்றை வரிசை டைமிங் செயினுக்குப் பதிலாக இரட்டை வரிசைச் செயினைப் போட்டால் தீப்பொறி நேரம் நீண்ட காலம் நிலைத்திருக்கும்.

பூட்டும்போது மேசையில் கையேடும் டோர்க் ரெஞ்சும் இருக்க வேண்டும். மெயின் பெயாரிங் மூடிகளுக்கு 60 இறாத்தல்-அடி, பிக் எண்டுக்கு (கொனெக்டிங் ரொட்டின் கிராங்க் பக்க முனை) 35, பிளைவீலுக்கு 40, ஹெட் நட்டுகளுக்கு 40. நியூட்டன் மீற்றரில் இவை முறையே 81, 47, 54, 54. கிராங்கின் முன்பின் அசைவு 0.002 முதல் 0.003 அங்குலத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் த்ரஸ்ட் வளையங்களை மாற்றவும். ஒவ்வொரு மூடியை இறுக்கிய பின்னும் கிராங்கைக் கையால் சுழற்றிப் பார்க்கவும். எந்த மூடியில் இறுகுகிறதோ அங்கே நிறுத்திக் காரணம் தேடவும். எல்லாவற்றையும் பூட்டிய பின் தேடுவது வீண் வேலை. ரிங்குகளைப் பிஸ்டனில் போடுமுன் சிலிண்டருக்குள் தனியே வைத்து முனைகளின் இடைவெளியை அளக்கவும். இந்த விட்டத்துக்கு ஏறத்தாழ 0.010 அங்குலம் சரி. ஒயில் பம்பைப் புதிதாகவே போடவும். டைமிங் சக்கரங்களின் இரு புள்ளிகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஹெட்டின் ஒன்பது நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று தடவையாக இறுக்கவும். பின்பக்க மெயினில் ரப்பர் சீல் இல்லை. ஒயிலைத் திருப்பி விடும் புரிவெட்டு மாத்திரமே உண்டு. ஆகவே நிறுத்திய இடத்தில் ஓரிரு துளி விழுந்தால் மனம் உடைய வேண்டாம்.

வால்வ் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம். முன்னிருந்து எண்ணினால் எட்டு வால்வுகள். எட்டாவது முழுவதும் திறந்திருக்கும்போது முதலாவதையும், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதையும், இவ்வாறு கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது வருமாறு பார்த்துச் சரிசெய்யவும்.

மைனரின் 1.25 அங்குல எஸ்யூ காபரேட்டருக்குப் பதிலாக 1.5 அங்குல எச்எஸ்4 ஒன்றை அதற்குரிய மனிஃபோல்டுடன் போடுவது எளிது. இரட்டைக் காபரேட்டர் பார்க்க அழகு. ஆனால் இரண்டையும் ஒத்திசைத்து வைத்திருக்கும் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எதைப் போட்டாலும் காற்று வடியை (எயார் ஃபில்டர்) கழற்றி எறிய வேண்டாம். வடி இல்லாவிட்டால் நம் வீதிகளின் மணல் புதிய ரிங்குகளைத் தின்றுவிடும். நடு வாயிலுக்குத் தனிக் குழாயுள்ள எக்ஸோஸ்ட் மனிஃபோல்டு நல்ல பயன் தரும். லூக்காஸ் டிஸ்ரிபியூட்டரின் அச்சு ஆட்டமின்றி இருக்க வேண்டும். பிளட்டினம் (டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனைகள்) இடைவெளி 0.015, பிளக் இடைவெளி 0.025 அங்குலம். தீப்பொறி முன்னேற்றம் மொத்தமாக 30 பாகையைச் சுற்றி முடிய வேண்டும்.

வெப்பமான ஊர் என்று சொல்லித் தேர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் பழக்கம் நமது கராஜ்களில் பரவலாக உண்டு. அதனால் எஞ்சின் தனக்குரிய சூட்டுக்கு வராமலே ஓடி, பெற்றோல் ஒயிலில் கலந்து, சிலிண்டர் தேயும். 82 பாகைத் தேர்மோஸ்டாட்டைப் போட்டு, றேடியேற்றரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்விப்பதே சரியான வழி. கரையோரக் கிணறுகளின் உவர் நீரை ஒருபோதும் ஊற்ற வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து நிரப்பவும்.

முதல் இயக்கத்துக்கு முன் பிளக்குகளைக் கழற்றி, ஒயில் மானி அசையும் வரை ஸ்டார்ட்டரால் சுழற்றவும். எஞ்சின் பிடித்ததும் வெறும் ஓட்டத்தில் விடாமல், 20 நிமிடம் 2000 சுற்றுக்கு மேல் வைத்திருக்கவும். கம்மும் டப்பெற்றும் ஒன்றையொன்று பழகுவது அந்த நேரத்தில்தான். 20டபிள்யூ50 வகையில் துத்தநாகச் சேர்மம் உள்ள ஒயில் நல்லது. குளிர்ந்த பின் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, வால்வ் இடைவெளியைப் பார்க்கவும்.

முதல் ஐந்நூறு கிலோமீற்றருக்குத் தென்பக்கம் போக வேண்டாம். காத்தான்குடி நெரிசலில் நின்று நின்று ஊர்வது புதிய ரிங்குக்கு ஆகாது. ஏ15 வீதியில் வாழைச்சேனை வரை சென்று திரும்புங்கள். மணிக்கு 70 கிலோமீற்றரைத் தாண்டாமல், ஒரே வேகத்திலும் நிற்காமல், அக்சிலறேற்றரைக் கூட்டியும் விட்டும் ஓட்டவும். ரிங்குகள் சிலிண்டரில் படிவதற்கு அந்த ஏற்ற இறக்கம் வேண்டும். அதன் முடிவில் ஒயிலையும் ஒயில் வடியையும் மாற்றி, வடித்த ஒயிலை வெயிலில் பிடித்து மினுக்கம் உள்ளதா என்று பார்க்கவும். பிளக் முனை இளங் கபில நிறமாக இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் பெற்றோல் போதாது, எஸ்யூவின் ஊசியை மாற்ற வேண்டும்.

பிரேக்கைப் பற்றி ஒரு சொல். 1098 மைனரில் முன்னால் 8 அங்குல டிரம், 948 இல் அதைவிடச் சிறியது. முந்திச் செல்லும் வலுவைக் கொடுத்தவர் நிறுத்தும் வலுவையும் கொடுக்க வேண்டும். சிலிண்டர் ரப்பர்களையும் ஹோஸ்களையும் இதே வேலையில் மாற்றிவிடுங்கள். அவை முடிந்து, ஆயிரம் கிலோமீற்றரும் ஓடி, வால்வ் இடைவெளியை இன்னொரு முறை பார்த்த பிறகு, செங்கலடியில் ஏ5 வீதிக்குத் திரும்பி, பிபிலைக்கு அப்பாலுள்ள லுணுகலை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் கட்டையாக இழுத்து, நொக் சத்தம் கேட்கிறதா என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேளுங்கள். கேட்டால் டிஸ்ரிபியூட்டரை ஒரு பாகை பின்னால் திருப்பி, மறுபடி ஏறுங்கள்.